பட்டறைப் படுதா

பழனிவேல் வீட்டில், வருகிற சம்பந்திக்குக்கூடக் கிடைக்காத மரியாதை வெங்காயப் பட்டறைக்குக் கிடைத்தது. வீடு குரும்பலூரை விட்டு மேற்கே தள்ளி, தங்கள் கொல்லைக்காட்டுக்குள்ளேயே இருந்தது. பின்பக்கம் வேப்பமரத்துக்கு அந்தண்டை, காற்று குறுக்கே புகுந்து போகிற வாக்கில் பட்டறை போட்டிருந்தார்கள். கல் அடுக்கி, அதன்மேல் சவுக்குக் கம்பு பரப்பி, பக்கங்களைக் காய்ந்த பருத்திச் செடி மாரால் அடைத்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருந்தது. உள்ளே தாளோடு அடுக்கிய சின்ன வெங்காயம். பங்குனியில் எடுத்தது, வைகாசிக் கடைசியில் நடவுக்குப் பிரிக்க வேண்டிய விதை. அது கெட்டால் அந்தப் பட்டமே கெட்டது என்று அர்த்தம்.

அதனால் பட்டறைக்குச் சட்டங்கள் உண்டு. செருப்போடு போகக்கூடாது. அதன் பக்கத்தில் நின்று எச்சில் துப்பக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், வீட்டுக்குத் தூரமான பெண் அதன் நிழலைக்கூட மிதிக்கக்கூடாது. மிதித்தால் வெங்காயம் அழுகிவிடும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யார் காவல் காக்கிறார்கள் என்று கேட்டால் குரும்பலூருக்கே தெரியும். பழனிவேலின் அக்கா பாக்யலட்சுமி.

பாக்யலட்சுமிக்கு ஐம்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது. கல்யாணமான வீடு ஒத்துவராமல் தம்பி வீட்டோடு வந்தவள், வந்த நாளிலிருந்து கொல்லையை அவள்தான் பார்த்தாள். கீற்றின் மேல் ஏறித் தார்ப்பாய்ப் படுதா கட்டுவதில் ஆம்பிளைகளுக்கே வழி சொல்லுவாள். மழை மேகம் திரண்டால் படுதா போடவும், வெயில் வந்ததும் படுதாவை எடுக்கவும் அவளுக்கு நிகர் அவள்தான். எடுக்காமல் விட்டால் வெங்காயம் உள்ளேயே புழுங்கி வெந்துபோகும். மழையை விட அந்தப் புழுக்கம்தான் பொல்லாதது.

சித்திரை பாதியில், பழனிவேலும் அவன் மனைவி புஷ்பவல்லியும் உடையார்பாளையம் போனார்கள். புஷ்பவல்லியின் தம்பி அங்கே வீடு கட்டிக் குடி போகிறான். மூத்த மகள் பூவிழி போக முடியாது. அவளுக்கு அன்றைக்குத்தான் வந்திருந்தது. பூவிழி பதினொன்றாம் வகுப்பு முடித்தவள். மாமன் வீட்டுப் பால் காய்ச்சுவதைப் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம். தங்கை சிந்துவையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். பூவிழி குடத்தைத் தொடக்கூடாதே, தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. அந்த நாட்களில் அந்த வீட்டுப் பெண்களுக்கு அதுதான் இடம். தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மரியாதையின் அருமை தெரியும். பூவிழி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி ஒருக்களித்துக் கிடந்தாள். சிந்து சாய்ப்பின் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள். சிந்துவுக்குப் பதிமூன்று வயது. மாசியில் வயசுக்கு வந்து, பந்தல் போட்டு, ஊரெல்லாம் வந்து பார்த்து முடித்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? யார்ட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லு."

"எனக்கு மாசியில வந்ததுதான். அதுக்கப்புறம் வரவே இல்ல."

"வரலன்னா சந்தோஷமா இரேன்டி. அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"ஒடம்புல ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு பயமா இருக்குக்கா."

பூவிழி வலியோடு சிரித்தாள். "ஒண்ணும் ஆவல. மொத ஒரு வருஷம், ரெண்டு வருஷம் அது அப்படித்தான். இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போவும். எனக்குந்தான் மொதல்ல வந்துட்டு அப்பறம் ஆளையே காணல. ஒடம்பு பழகணும்ல? வந்த தேதிய மட்டும் மனசுல வச்சிக்க. பையில எப்பவும் ரெண்டு நாப்கின் இருக்கணும், ஒரு ஜட்டி, கொஞ்சம் பழைய பேப்பர். ஒனக்கு வேணாட்டியும் பக்கத்துல ஒருத்திக்கு ஆவும்."

"ஒண்ணு வச்சா சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்ல?"

"அதெல்லாம் கூடாது. நெறஞ்சாலும் நெறயாட்டியும் நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்திடணும். இல்லன்னா புண்ணாயிரும், அரிக்கும், வெளிய சொல்லவும் முடியாது. மாத்துனத பேப்பர்ல சுத்திக் குப்பையில போடு, கக்கூஸ்ல போட்டு அடைச்சி வக்காத. தெனம் வெந்நியில குளி. ஜட்டிய வெயில்ல காயப் போடு."

"அத்த திட்டுமே."

அது அந்த வீட்டில் நெடுநாளாக நடக்கிற சண்டை. பூவிழி உள்ளாடையைக் கொடியில் வெயில் படப் போடுவாள். அத்தை அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவாள். பூவிழி துண்டை எடுத்து மடித்து வைப்பாள். அத்தை மறுபடியும் மூடுவாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"திட்டட்டும். ஈரத்தோட மாட்டிக்கிறது நாமதான, அத்தயா?"

"வலி எனக்கும் இப்படி வருமாக்கா?"

"வரலாம், வராமலும் போவலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. சூடு வச்சா கொஞ்சம் அடங்கும். படுத்தே கெடக்காம நாலு நட நடந்தாலும் அடங்கும். நான் அம்மாவ நச்சரிச்சி டவுன் ஆஸ்பத்திரிக்கிப் போனேன்ல, அந்த டாக்டரம்மா மாத்திர எழுதிக் குடுத்தாங்க. சாப்ட்டுட்டுத்தான் போடணும். கீர, எள்ளுருண்ட, பேரீச்சம்பழம் இதெல்லாம் தின்னணும், ரத்தம் போவுதுல்ல. ஆனா ஒண்ணு. மணிக்கு ஒண்ணு நனைஞ்சிக்கிட்டே இருந்தா, ஒரு வாரம் தாண்டியும் நிக்கலன்னா, எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வந்தா சும்மா இருக்கக்கூடாது. அம்மாட்ட சொல்லணும். காதுல வாங்கலன்னா மறுபடியும் சொல்லணும்."

சிந்து கூழ்த் தம்ளரை நீட்டினாள். கைபடாமல் தரையில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தை பார்க்கவில்லை என்பதால் கையிலேயே கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாம போனா பட்டறை நெசமாவே அழுவிடுமாக்கா?"

பூவிழி தம்ளரைக் கீழே வைத்தாள். பாடப் புத்தகத்தில் கருமுட்டை வரைக்கும் இருந்தது, வெங்காயப் பட்டறை இல்லை. அழுகாது என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் தன் கையால் தொட்டு அவள் பார்த்ததில்லையே.

"தெரியலடி" என்றாள்.

அன்று சாயங்காலம் பச்சைமலைப் பக்கமிருந்து மேகம் ஏறியது. காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பாக்யலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். படுதாவை உதறி, கீற்றின் மேல் ஏறி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்து, கயிற்றால் வரிந்து, ஓரத்தில் கல்லைத் தொங்கவிட்டுக் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கும்போது ஈரக் கம்பில் கால் வழுக்கியது.

"அத்த!" என்று பூவிழி சாய்ப்பிலிருந்து பாய்ந்து வந்தாள்.

சேற்றில் கிடந்தபடியே பாக்யலட்சுமி கையை உயர்த்தினாள். "தொடாத! தள்ளி நில்லு."

"கால் பெரண்டுருக்கு அத்த. தூக்குறேன்."

"தொடாதங்குறேன்ல!"

கொட்டுகிற மழையில் பாக்யலட்சுமி ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு சேற்றில் தவழ்ந்து வந்தாள். சிந்து ஒரு பக்கம் முட்டுக் கொடுத்தாள். பூவிழி தூக்க வந்த கையைத் தொங்கவிட்டபடி நனைந்துகொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அத்தைக்கு வலிக்கிறதே என்றா, தன் கைக்கு இந்த மதிப்பா என்றா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி வெயில் காய்ந்தது. மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. பாக்யலட்சுமியின் கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. பின்வாசலில் கட்டிலைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு பட்டறையைப் பார்த்தாள். படுதா வெயிலில் பளபளத்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள். சாமான் இறக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம்தான் பஸ் ஏற முடியும் என்றான். வழக்கமாகக் கொல்லை வேலைக்கு வருகிற வெற்றிச்செல்விக்குப் போட்டாள்.

"செல்வி, ஒரு எட்டு வந்து படுதாவ எடுத்துட்டுப் போயேன்டி."

"மாமியாருக்குக் கண்ணு காட்ட டவுனுக்கு வந்துருக்கேன்க்கா. டோக்கன் வாங்கி ஒக்காந்துருக்கேன். சாயங்காலம் வரட்டா?"

"சாயங்காலம் வந்து என்ன, வெந்த வெங்காயத்த அள்ளவா?" என்று போனை வைத்தாள். சுற்றுவட்டக் கொல்லைக்காரர்கள் ஒவ்வொருவரும் அவரவர் படுதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சிந்துவை அனுப்பினாள். சிந்து போய் ஒரு முனையை இழுத்தாள். நனைந்த படுதா அசையுமா? நடுவில் குளம் மாதிரி தண்ணீர் தேங்கித் தொங்கியது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லைக் கடித்து இழுத்ததில் ஓரத்துக் கல் பிய்ந்து அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சிந்து அலறிவிட்டாள்.

"உள்ள கைய வுட்டுப் பாருடி, எப்படி இருக்கு?"

"சுடுது அத்த. வேவுற நாத்தம் வருது."

சாய்ப்பில் இருந்த பூவிழி எழுந்தாள். அன்றைக்கு வலி குறைந்து இடுப்பு மட்டும் கனத்தது. மாற்றிக்கொண்டு, முகம் கழுவி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். செருப்பை மட்டும் கழற்றி வைத்தாள். அந்தச் சட்டத்தில் அவளுக்கு வருத்தம் இல்லை.

"எங்கடி போற?"

"படுதா எடுக்க."

"நில்லு! அங்க ஒரு அடி வச்சே, ஒங்கப்பன் வரட்டும், நடக்குறதே வேற!"

"அப்பா வரட்டும் அத்த. அதுக்குள்ள வெங்காயம் வெந்துரும்."

"வெந்தா வேவட்டும். தீட்டுப்பட்டா முழுசா அழுவிப் போவும்டி. நான் கண்ணால பாத்தவ."

பூவிழி நின்று திரும்பினாள். "அத்த, பங்குனியில வெங்காயம் எடுக்க எத்தன பேரு கூலிக்கி வந்தாங்க? மண்ண உதறி, அள்ளி, இந்தப் பட்டறையில அடுக்குனது அவங்கதான? அத்தன பேரயும் கேட்டுட்டா உள்ள வுட்டீங்க?"

"அவளுவ வேற."

"எப்படி வேற?"

பாக்யலட்சுமி கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தாள். வராத பதிலுக்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

பூவிழி அதற்குமேல் நிற்கவில்லை. நீளமான கம்பு ஒன்றை எடுத்துப் படுதாவுக்கு அடியில் கொடுத்து, தேங்கிய தண்ணீரை வெளிப்பக்கமாகத் தள்ளிக் கொட்டினாள். பாரம் குறைந்ததும் அரிவாள் மூக்கால் முடிச்சுகளை நெம்பி அவிழ்த்தாள். "சிந்து, நீ அந்தண்டை முனையப் புடி. நான் சொன்னா மட்டும் இழு." இரண்டு பேருமாக அரை ஆள் உயரம் இழுப்பதும், மூச்சு வாங்குவதும், மறுபடி இழுப்பதுமாகப் படுதா கீழே வந்தது. உள்ளேயிருந்து வெங்காயத்தின் சூடான மூச்சு முகத்தில் அடித்தது. பக்கத்துப் பருத்தி மாரை இரண்டு இடத்தில் விலக்கிக் காற்றுக்கு வழி விட்டாள். மேற்கு ஓரம் சாரலில் நனைந்திருந்தது. கைக்கு எட்டியவரை அள்ளி வேப்ப நிழலில் பரப்பினாள்.

அத்தனை நேரமும் கட்டிலிலிருந்து வசவு வந்துகொண்டிருந்தது. ஆனால் கவனித்துக் கேட்டால் வேடிக்கை தெரியும். "குடியக் கெடுக்க வந்தவளே" என்று ஆரம்பிக்கும் வசவு, "அந்தக் கயித்த மொதல்ல அவுக்காதடி, கீத்து பிச்சிக்கும்!" என்று முடியும்.

வேலை முடிந்து பூவிழி வேப்ப நிழலில் சாய்ந்து உட்கார்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. சிந்து கூழ் கொண்டுவந்தாள். பூவிழி பரப்பியிருந்ததிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்து, அத்தை பார்க்கும்படியாகவே நறுக்கென்று கடித்துக்கொண்டு கூழைக் குடித்தாள்.

பழனிவேலும் புஷ்பவல்லியும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாசல் மிதிப்பதற்குள் பாக்யலட்சுமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். புஷ்பவல்லி நேரே மகளிடம் போய், "வயித்துவலி எப்படிடி இருக்கு?" என்றாள். அதற்கப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

பழனிவேல் பட்டறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, மாரை விலக்கி முழங்கை வரை கையை விட்டான். எடுத்து மோந்து பார்த்தான். திரும்பி வந்தான்.

"காஞ்சிருக்குக்கா. நல்லாத்தான் இருக்கு. எடுக்கலன்னா போயிருக்கும்."

"இப்ப நல்லாத்தான்டா இருக்கும். இருந்துதான் அழுவும். நடவுக்குப் பிரிக்கிறப்பத் தெரியும். அன்னைக்கி அது அழுவி நாறுனா இவதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் அத்த" என்றாள் பூவிழி. "அழுவலன்னா?"

"அழுவலன்னா பாப்பம்."

"பாப்பம்லாம் வேணாம். அழுவலன்னா இனிமே இந்த வூட்டுல யாரும் சாய்ப்புல படுக்க மாட்டோம். நானு, சிந்து, அம்மா. மூணு பேரும்."

புஷ்பவல்லி மகளைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தகரத்துக்குக் கீழே கிடந்தவள். தன் பெயரையும் மகள் சேர்த்துக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியதை மறைக்க அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"சரிடி" என்றாள் பாக்யலட்சுமி. "பாத்துருவோம்."

கால் கட்டோடு பாக்யலட்சுமிக்கு வைகாசி வரை ஏறவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. பழனிவேல் பாதி நாள் லாரி லோடோடு வெளியூரில் இருந்தான். படுதா பூவிழியின் வேலையாகப் போயிற்று. கோடை மழை அந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்தது. மேகம் கறுத்தால் போட்டாள், வெயில் அடித்தால் எடுத்தாள். நடுவில் அவளுக்கு மறுபடியும் வந்தது. அப்போதும் போட்டாள், எடுத்தாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் கொம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பட்டறையைச் சுற்றி மோந்துவிட்டு வந்தாள்.

பூவிழிக்கும் பயம் இல்லாமல் இல்லை. வாய் எவ்வளவு பேசினாலும் விதை போனால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் அவளும் போய் மோந்து பார்த்தாள். எங்கோ செத்த எலியின் வாடை வந்தாலும் மாரை விலக்கி மறுபடியும் கையை விட்டுப் பார்த்தாள். ஆனாலும் ஒரு நாள்கூட, போயிருக்க வேண்டாமோ என்று அவள் நினைக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் பட்டறையைப் பிரித்தார்கள். வெற்றிச்செல்வியும் அவள் தெருப் பெண்களும் வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பல் பல்லாகப் பிரித்து விதைக்கு ஒதுக்கினார்கள். பழனிவேல் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினான். பாக்யலட்சுமி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கூடையிலும் கையை விட்டாள்.

முதல் கூடை கலகலவென்று விழுந்தது. கல்லு கல்லாக, செம்பு நிறத்தில், தோல் மினுங்க. அடுத்ததும் அப்படியே. பூவிழி ஒவ்வொரு கூடைக்கும் மூச்சைப் பிடித்து விட்டாள். கடைசியில் மேற்கு ஓரத்துக் கூடை வந்தது. அதில் கறுத்துப் போன வெங்காயம் கொஞ்சம் இருந்தது. பாக்யலட்சுமி ஒன்றை எடுத்து நசுக்கினாள். நீர் வழிந்தது.

"பாத்தியாடி?" என்று எழுந்தேவிட்டாள்.

ஆனால் வெற்றிச்செல்வி பிரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "அது வருஷா வருஷம் போறதுதானக்கா. போன வருஷம் இதவிடப் போச்சே. அந்த மேக்கால பக்கம் கல்லு எறங்கிக் கெடக்கு. தண்ணி அங்கதான நிக்கும்?"

பூவிழிக்கு உயிர் வந்தது. "அத்த, அன்னைக்கப்புறம் எனக்கு இன்னொரு தடவ வந்துச்சு. அப்பவும் நாந்தான் ஏறி எறங்குனேன். இத்தன கூடையிலயும் நான் தொடாத வெங்காயம் இல்ல. அதுல நான் கெடுத்தது எதுன்னு எடுத்துக் காட்டுங்க."

பாக்யலட்சுமி மறுபடி முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கூடைக்குள் கையை விட்டாள். வெற்றிச்செல்வி தலையை நிமிர்த்தி அத்தையையும் பார்த்தாள், மருமகளையும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. சிரித்துவிட்டாள்.

"இதுக்குத்தானா இவ்ளோ நேரம்? அக்கா, எனக்கே இன்னைக்கி ரெண்டா நாளு."

பாக்யலட்சுமியின் கை கூடைக்குள் அப்படியே நின்றது. "வருஷா வருஷம் நீதானடி வந்து அடுக்குற?"

"வயித்துக்கு ஏதுக்கா லீவு? நாள் பாத்து வூட்டுல ஒக்காந்தா யாரு கஞ்சி ஊத்துவா? நீங்க ஒருநாளும் கேக்கல, நானும் சொல்லல." அவள் கேலியாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிரித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் முதலில் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். அதில் எத்தனை பேருக்கு எத்தனை வருஷச் சிரிப்போ.

பாக்யலட்சுமி எழுந்து, கொம்பை ஊன்றி வீட்டுக்குள் போனாள். இன்றைக்குச் சோறு தண்ணி கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மோர்க் குவளையோடு திரும்பி வந்து, வெற்றிச்செல்வியின் கையிலேயே கொடுத்தாள்.

"பழனி, அடுத்த தடவ பட்டறை போடுறப்ப அந்த மேக்கால பக்கம் ரெண்டு கல்லு கூட வைய்யி" என்றாள். அவ்வளவுதான். தோற்றேன் என்று சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் சாய்ப்பிலிருந்த பாயை எடுத்து வெயிலில் உதறி வீட்டுக்குள் போட்டாள். தனித் தட்டையும் தம்ளரையும் மற்றதோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். காலியான இடத்தில் பருத்தி மார்க் கட்டுகளைத் தகரம் முட்ட அடுக்கினாள். புஷ்பவல்லி அந்த அடைந்துபோன சாய்ப்பைப் பார்த்துவிட்டு, நாத்தனாருக்குச் சூடாக ஒரு காபி போட்டுக் கொடுத்தாள்.

ஆனி பிறந்தது. நட்ட வெங்காயம் கொல்லையில் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. விதைக்குப் போக மிஞ்சியது, வீட்டுச் செலவுக்கும் விலை ஏறினால் விற்கவும், மறுபடி போட்ட சின்னப் பட்டறையில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பூவு! படுதாவப் போடுடி, மழ வருது!" பாக்யலட்சுமி கொல்லையிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

நடுவீட்டில், மின்விசிறிக்குக் கீழே, பூவிழி வெந்நீர்ப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"வந்துருச்சா?"

"ம். இன்னைக்கி என்னால ஏற முடியல அத்த. தீட்டுன்னு சொல்லல. வலிக்கிது, அதான். மாத்திர போட்டுருக்கேன். நாளைக்கி நானே எடுக்குறேன்."

பாக்யலட்சுமி வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் பெண்கள் அந்த நாளில் ஒதுங்கியிருக்கிறார்கள். வலிக்கிறது என்று சொல்லி ஒருத்தியும் படுத்ததில்லை. அவளே படுத்ததில்லை. அவளுக்கும் வலித்ததுதான். உள்ளே போய், பூவிழியின் காலடியில் கிடந்த போர்வையை எடுத்து இடுப்பு வரை இழுத்துவிட்டாள்.

"கெட. நான் பாத்துக்குறேன்."

வெளியே வந்து சேலையைச் செருகினாள். கணுக்கால் இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்கவில்லை. முதல் தூறல் விழுந்தது.

"சிந்து! வாடி இங்க, அந்த முனையப் புடி!"

சிந்து கொடியிலிருந்த துணியை அள்ளிக்கொண்டிருந்தவள் தயங்கி நின்றாள். "அத்த, எனக்கும் வந்துருக்கு. காலையிலதான்."

பாக்யலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வலிக்கிதா?"

"இல்ல அத்த."

"அப்பறம் என்னடி? கயித்தப் புடி."